கசிந்த ரத்தம் கரையும் நாட்கள்

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? அப்புறம் ஏன் இன்னும் வார்டுக்கு மாத்தல?"

நரம்பியல் ஐசியூவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்பது மனைவியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். குரலில் லேசான சந்தேகமும் இருக்கும்: எதையோ மறைக்கிறார்களோ? மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் ஓடும் தமனி ஒன்றின் சுவர் பலவீனப்பட்டு, குமிழாகப் புடைத்து, ஒரு நாள் வெடிக்கிறது. அந்தக் குமிழ்தான் அனியூரிசம். வெளியே வரும் ரத்தம், மூளைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் நடுவே உள்ள நீர் நிறைந்த இடைவெளியில் பரவுகிறது. சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம்; பேச்சில் எஸ்ஏஹெச். அடி எதுவும் படாமல் தானாக வரும் இந்தக் கசிவில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை அனியூரிசம் வெடித்ததால் வருபவை. இடி இறங்கியதுபோன்ற தலைவலி, வாந்தி, சிலருக்கு நினைவிழப்பு. அதே குமிழ் மறுபடியும் வெடிப்பதுதான் முதல் கண்டம். முதல் 24 மணி நேரத்தில் அந்த ஆபத்து அதிகம். அதனால் மண்டையைத் திறந்து கிளிப் போட்டோ, ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி காயில் என்ற சுருள்கம்பியை வைத்தோ கூடிய சீக்கிரம் குமிழை அடைத்துவிடுகிறோம். நல்லபடியாக முடிந்தது என்று நாங்கள் சொல்வது இந்த அடைப்பைத்தான்.

இரண்டாவது கண்டம் நாள் பார்த்து வரும். முதல் மூன்று நாட்களில் பெரும்பாலும் அதன் சுவடே இருக்காது. அதற்கப்புறம் மெல்லத் தொடங்கும், 7-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள் வரை உச்சத்தில் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தானே ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில் மூளையின் பெரிய தமனிகள் இறுகிச் சுருங்குகின்றன. வேசோஸ்பாசம். ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய்ப் படம் எடுத்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஓர் அளவில் சுருக்கம் தெரியும். அவர்கள் எல்லோருக்கும் கை கால் விழுவதில்லை. மொத்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் ரத்தம் போதாமல் மூளை பாதிக்கப்படும் அறிகுறிகள் வருகின்றன. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சுருக்கத்தை ஆஞ்சியோ படத்தில் முதன்முதலாகக் காட்டியவர்கள் எக்கரும் ரீமன்ஷ்னைடரும், 1951-இல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் "ஏன் சுருங்குகிறது" என்பதற்கு ஒற்றை வரிப் பதில் கிடையாது. ஆனால் "எது காரணம்" என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வெளியே கசிந்த ரத்தம்தான். கேள்வியெல்லாம், அது எந்தெந்த வழியில் வேலை செய்கிறது என்பதில்தான்.

புத்தகத்தைத் திறக்காமலே இதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. மூளை நீர் தேங்கிப்போன நோயாளிகளுக்கு மண்டைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, நீரை வெளியே ஒரு பைக்கு வடியவிடுவோம். டிரெயின். முதல் நாள் அந்தக் குழாயில் வருவது கிட்டத்தட்ட ரத்தமே. அடுத்தடுத்த நாட்களில் வெளிறிய சிவப்பு, அப்புறம் துருப்பிடித்த நிறம், அப்புறம் மஞ்சள். காலை ரவுண்ட்ஸில் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். கசிந்த சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டுவதும், அது படிப்படியாகச் சிதைந்து பிலிருபின் ஆவதும்தான் அந்த நிறமாற்றம். குழாயில் தெரிவது கொஞ்சம். அதே ரசாயனம், உள்ளே தமனியைச் சுற்றி உறைந்து கிடக்கும் ரத்தக்கட்டியில் இன்னும் அடர்த்தியாக நடந்துகொண்டிருக்கிறது.

நாட்கணக்கில் தாமதமாவதற்கு விளக்கம் இங்கேதான். சிவப்பணுவுக்குள் அடைபட்டிருக்கும்வரை ஹீமோகுளோபின் சாது. கசிந்த அணுக்கள் ஒரே நாளில் உடைந்துவிடுவதில்லை. கட்டியின் நடுவே இருப்பவை ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். அவை வரிசையாக உடைய உடைய, தமனியின் வெளிச்சுவரை ஹீமோகுளோபின் நனைத்துக்கொண்டே இருக்கிறது. சுருக்கத்தின் நாட்காட்டியும் சிவப்பணு உடையும் நாட்காட்டியும் இவ்வளவு ஒத்துப்போவது தற்செயல் இல்லை.

மூளைத் தமனிக்கு மட்டும் இது ஏன்? தொடையில் அடிபட்டு ரத்தம் கட்டினால் அங்குள்ள தமனி ஒரு வாரம் கழித்துச் சுருங்கிக் காலை அழுகவைப்பதில்லையே. மண்டைக்குள் நுழைந்தபின் தமனியின் அமைப்பே மாறிவிடுகிறது. சுவரின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ரப்பர் போன்ற மீள்தகடு கிடையாது, வெளியுறை மெலிது, சுவருக்கென்று தனியாக ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் இல்லாத அளவுக்குக் குறைவு. சுற்றியிருக்கும் நீரோடு அதற்கு நெருக்கமான கொடுக்கல் வாங்கல். அந்த நீரில் எது கலந்தாலும் தசை அடுக்குவரை எட்டிவிடும். தவிர, ஹீமோகுளோபினைப் பிடித்துக் கட்டி அப்புறப்படுத்தும் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் தாராளமாக ஓடுகிறது; மூளை நீரில் அது சொற்பம். துப்புரவுக்கு ஆள் இல்லாத இடத்தில் குப்பை கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

அந்த ஹீமோகுளோபின் என்ன செய்கிறது? பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. அதில் முதன்மையானது நைட்ரிக் ஆக்சைடை விழுங்குவது. ரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசையைத் தளர்த்துகின்றன என்று 1980-இல் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற சாதாரண வாயுதான் என்பது பிறகு தெளிவானது. இக்னாரோ, முராட் ஆகியோருடன் அவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்புக்காக. மூளைத் தமனிகள் தளர்வாக இருப்பதே அந்த வாயு ஓயாமல் சுரந்துகொண்டிருப்பதால். கட்டற்ற ஹீமோகுளோபினுக்கு அதன்மேல் அப்படியொரு ஈர்ப்பு; வந்தவுடன் பிடித்து நைட்ரேட் ஆக்கிவிடும். தளர்த்தும் கை போய்விடுகிறது.

இறுக்கும் கையோ இன்னும் பலமாகிறது. எண்டோதீலின் என்ற பொருளை ஜப்பானில் யானகிசாவா குழுவினர் 1988-இல் பிரித்தெடுத்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்குவதில் அறியப்பட்ட பொருள்களிலேயே மிக வீரியமானவற்றில் ஒன்று அது. எஸ்ஏஹெச்சுக்குப் பிறகு அதன் அளவும் கூடுகிறது, அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளும் கூடுகின்றன. ஹீமோகுளோபினின் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது சூப்பராக்சைடு போன்ற ஃப்ரீ ராடிகல்கள், அதாவது கண்டதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகள், பிறந்து, செல் சவ்வின் கொழுப்பை அரித்து, உள்வரிச் செல்களைக் காயப்படுத்துகின்றன. காயப்பட்ட செல் இன்னும் குறைவாக நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். தசைச் செல்லுக்குள் கால்சியம் புகுகிறது, தசை இறுகுகிறது. கால்சியம் இறங்கிய பிறகும் ரோ கைனேஸ் என்ற நொதி தசையைத் தளரவிடாமல் பிடித்துவைக்கிறது. ஜப்பானில் ஃபாசுடில் என்ற மருந்து 1990-களிலிருந்தே புழக்கத்தில் இருப்பது இந்த நொதியைக் குறிவைத்துத்தான்.

இதைச் சொன்னால், "அப்போ கெண்டைக்கால் சதை பிடிச்சுக்கிற மாதிரியா டாக்டர்?" என்பார்கள். தொடக்கத்தில் அப்படித்தான். பிறகு அதையும் தாண்டிவிடும். நாள் போகப்போக வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைகின்றன, உள்வரி வீங்குகிறது, தசைச் செல்கள் சில சாகின்றன, நார்ப்பொருள் சேர்கிறது. சுவரே தடித்து விறைத்துப்போகிறது. தமனிக்குள் நேரடியாக மருந்து செலுத்தினால் விரிவதும், அடுத்த நாளே மறுபடி இறுகிவிடுவதும் அதனால்தான். பலூன் விட்டு விரித்தால் பெரும்பாலும் விரிந்தபடியே நிற்கும். பலூன் அந்த விறைத்த அடுக்குகளையே பிரித்துவிடுகிறது. பெரிய குழாய்களில்தான் அது முடியும் என்பது வேறு விஷயம்.

ரத்தக்கட்டிதான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியங்கள் பல பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தன. மில்லர் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் 1980-இல் 47 நோயாளிகளின் சிடி படங்களைப் பார்த்தார்கள். தமனி ஓடும் பிளவுகளில் ரத்தம் கட்டியாகவோ 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனிலோ படிந்திருந்த 24 பேரில் 23 பேருக்குக் கடுமையான சுருக்கம் வந்தது. ரத்தமே தெரியாதவர்கள், மெல்லிதாகப் பரவியவர்கள் என்று இருந்த 18 பேரில் ஒருவருக்குத்தான். இன்றும் நோயாளி வந்தவுடன் சிடி திரையில் நான் முதலில் தேடுவது அந்த வெள்ளைப் பட்டையின் தடிமனைத்தான். குரங்குகளில் தமனியைச் சுற்றிக் கட்டியை வைத்து, இரண்டு நாளுக்குள் எடுத்துவிட்டால் சுருக்கம் பெருமளவு தடுக்கப்பட்டது. வைத்துவிட்டால் வந்தது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தும் சாட்சியம் 1984-இல் வந்த டிரனெக்ஸாமிக் அமில ஆய்வு. ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் மருந்து அது. குமிழின் வாயில் உறைந்த கட்டி கரையாமல் இருந்தால் மறுவெடிப்பு குறையும் என்பது கணக்கு. குறையத்தான் செய்தது, 24 சதவீதத்திலிருந்து 9-க்கு. ஆனால் ரத்தம் போதாமல் மூளை பாதிக்கப்பட்டவர்கள் 15 சதவீதத்திலிருந்து 24 ஆகிவிட்டார்கள். கடைசியில் பிழைத்து நலமானவர்கள் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. ஒரு கட்டியைக் காக்கப் போய் எல்லாக் கட்டியையும் காத்த கதை.

சரி, யாருக்கு வரும்? தடித்த கட்டி உள்ளவர்களுக்கு, மூளை அறைகளுக்குள்ளும் ரத்தம் புகுந்தவர்களுக்கு, வரும்போதே மயக்கத்தில் இருந்தவர்களுக்கு, புகைபிடிப்பவர்களுக்கு. கொக்கெய்ன் பழக்கமும் ஆபத்தைக் கூட்டும். ஹாப்டோகுளோபினில் 2-2 என்ற மரபு வகை உள்ளவர்களுக்கு அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வயதானவர்களைவிட இளவயதினரின் தமனிகள் அதிகமாகச் சுருங்குகின்றன. முந்தின நாள் வீட்டில் நடந்த சண்டையோ, அவர் சரியாகத் தூங்காமல் இருந்ததோ, ஐசியூவில் நீங்கள் அவரோடு பேசி அழுததோ இந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கேட்காமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குபவர்கள் நிறைய பேர். அதனால் நானே முந்திச் சொல்லிவிடுவது.

சுருங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், காதுக்கு முன்னால் எலும்பு மெலிதாக இருக்கும். அங்கே ஜெல் தடவி, ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலையால் அளக்கும் டாப்ளர் கருவியின் முனையை வைத்து, கோணத்தை மயிரிழை மயிரிழையாக மாற்றித் தேடினால், ஒரு கட்டத்தில் புஸ், புஸ் என்று நடு மூளைத் தமனியின் ஓட்டம் ஒலியாகக் கேட்கும். 1982-இல் ஆஸ்லித் கொண்டுவந்த முறை. பத்தில் ஒருவருக்கு எலும்பு தடித்திருப்பதால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சராசரி வேகம் சாதாரணமாக வினாடிக்கு 60 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். குழாய் ஒடுங்கினால் அதே ரத்தம் வேகமாகப் பாய்ந்தாக வேண்டும். 120-ஐத் தாண்டினால் கண் வைக்கிறோம். 200-ஐத் தாண்டினால் கடுமையான சுருக்கம். நேற்று 90, இன்று 150 என்று ஏறுவதுதான் என் வயிற்றைக் கலக்கும். காய்ச்சலும் ரத்தசோகையும்கூட வேகத்தைக் கூட்டும் என்பதால், கழுத்துத் தமனியின் வேகத்தையும் அளந்து ஒப்பிடுவோம். மூளைத் தமனியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால்தான் சுருக்கம் என்று எடுத்துக்கொள்வது.

குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே பாயக்கூடியது பதினாறில் ஒரு பங்கு. கணக்கு அப்படி. ஆனால் மூளை சும்மா இருக்காது. கீழே உள்ள சின்னக் குழாய்களை விரித்து ஈடுகட்டும். ஈடுகட்டும் தெம்பு தீர்ந்த இடத்தில்தான் பேச்சு குழறும், ஒரு கை மெல்லத் தாழும். செவிலியர்கள் மணிக்கொரு தரம் எழுப்பி "ரெண்டு கையையும் நீட்டுங்க, கண்ணை மூடிக்குங்க" என்று சொல்வது அந்தத் தாழும் கையைப் பிடிக்கத்தான். தூங்கவிட மாட்டேன் என்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

இனி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். பல பத்தாண்டுகள் எங்கள் துறை ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தது: தமனி சுருங்குகிறது, அதனால் மூளை சாகிறது, சுருக்கத்தைத் தடுத்தால் மூளை பிழைக்கும். கிளாசோசென்டான் என்ற மருந்து வந்தது. எண்டோதீலின் ஏற்பியை அடைக்கும். 2008-இல் வெளிவந்த ஆய்வில் கடுமையான, நடுத்தரச் சுருக்கம் 66 சதவீதத்திலிருந்து, அதிகபட்ச அளவு மருந்தில், 23-க்கு இறங்கியது. இவ்வளவு சுத்தமான முடிவு இந்தத் துறையில் அபூர்வம். அடுத்து 1,157 பேரை வைத்து நடந்து 2011-இல் வெளியான பெரிய ஆய்வு, நோயாளி நலமாக வீடு திரும்புகிறாரா என்று பார்த்தது. பலன் இல்லை. ஜப்பானில் 2022-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மற்ற நாடுகளில் நடந்த அடுத்த பெரிய ஆய்வும் கைகொடுக்கவில்லை.

நிமோடிபின் கதை அப்படியே தலைகீழ். கால்சியம் புகுவதைத் தடுத்துத் தமனியை விரிக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த மாத்திரை. பிரிட்டனில் 554 பேரிடம் நடந்து 1989-இல் வெளியான ஆய்வில் மூளைத் திசு இறப்பு 33 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், மோசமான முடிவுகள் 33-இலிருந்து 20 ஆகவும் குறைந்தன. ஆனால் ஆஞ்சியோவில் பார்த்தால் தமனி அப்படியொன்றும் விரிந்திருக்காது. ஒரு மருந்து படத்தைச் சரிசெய்தது, ஆளைச் சரிசெய்யவில்லை. இன்னொன்று ஆளைச் சரிசெய்தது, படத்தைத் தொடவில்லை.

என்ன அர்த்தம்? ஆஞ்சியோவில் தெரியும் பெரிய தமனி மட்டும் மூளையைக் கொல்வதில்லை. அதே ரத்தம் படத்தில் தெரியாத இடங்களிலும் வேலை செய்கிறது. நுண்தமனிகள் சுருங்குகின்றன. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உறைகட்டிகள் சேர்கின்றன. குமிழ் வெடித்த முதல் சில நிமிடங்களில் மண்டைக்குள் அழுத்தம் எகிறி ரத்த ஓட்டமே நின்றுபோகும் அளவுக்கு அடி விழுந்திருக்கும். அந்தக் காயம் பிறகு வீக்கமாகத் தொடர்கிறது. இன்னொன்று, எனக்கு மிகவும் ஆர்வமூட்டுவது: பிரேசில்காரரான லியாவோ 1944-இல் முயல்களின் மூளையில் கண்டு எழுதிய மின் அலை. நரம்புச் செல்கள் வரிசையாக மின்னேற்றம் இழந்து, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் அந்த அலை மூளைப் பரப்பில் ஊர்ந்து போகும். ஆரோக்கியமான மூளையில் அலை கடந்தவுடன் ரத்த ஓட்டம் கூடி செல்களை மீட்டுவிடும். ஹீமோகுளோபினால் நைட்ரிக் ஆக்சைடு வற்றிய மூளையில் நேர்மாறாக நடக்கிறது. அலை வரும்போது குழாய்கள் இறுகுகின்றன, பசியோடு இருக்கும் செல்லுக்கு அந்த நேரம் பார்த்துச் சோறு நிற்கிறது. அனியூரிசம் அறுவையின்போது மூளைப் பரப்பில் மின்முனைப் பட்டை வைத்து, மனிதர்களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் பேச்சில் இப்போது வேசோஸ்பாசம் என்பதோடு தாமத ரத்தக்குறைவு என்பதும் தனியாகப் புழங்குவது இதனால்தான்.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நோயாளிகள் சிறுநீரில் உப்பையும் அதோடு நீரையும் நிறைய இழப்பார்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கும். சோடியம் குறைந்தால் தண்ணீரைக் குறை என்பது மற்ற வார்டுகளில் வழக்கம். இங்கே அது விஷம். 1985-இல் வந்த ஓர் ஆய்வில், அப்படித் தண்ணீர் குறைக்கப்பட்ட 26 பேரில் 21 பேருக்கு மூளைத் திசு இறந்தது. ஒடுங்கிய குழாயில் ஓட வேண்டிய ரத்தத்தையும் கெட்டியாக்கிக் குறைத்துவிட்டால் வேறென்ன நடக்கும்? ஒரு காலத்தில் எதிர்த்திசையில் அளவுக்கு மீறிப் போய், எல்லோருக்கும் நீரை ஏற்றித் தள்ளினோம். நுரையீரலில் நீர் கோத்ததுதான் மிச்சம். இப்போது நீர்ச்சத்தைச் சமநிலையில் வைத்து, அறிகுறி வந்தவர்களுக்கு மட்டும் ரத்த அழுத்தத்தை மருந்தால் உயர்த்துகிறோம். மானிட்டரில் அழுத்தம் 180 என்று பார்த்துவிட்டு உறவினர்கள் ஓடிவருவார்கள். நாங்கள்தான் ஏற்றி வைத்திருக்கிறோம் என்றால் நம்பவே மாட்டார்கள்.

காரணம் ரத்தம்தான் என்றால் ரத்தத்தையே வெளியேற்றினால் என்ன? எனக்கு நம்பிக்கை தருவது இந்தப் பாதைதான். இடுப்புத் தண்டுவடத்தில் மெல்லிய குழாய் வைத்துச் சில நாட்கள் நீரை வடித்துவிடும் முறையை 287 பேரிடம் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள், வடிக்காத குழுவில் நூற்றுக்கு 45, வடித்த குழுவில் 33. வேதியியல் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியைப் பிடித்து அடைப்பதைவிட, சங்கிலி தொடங்கும் இடத்திலேயே அள்ளிக் கொட்டுவது எளிய யோசனை. எளியது என்பதாலேயே இவ்வளவு தாமதமாகச் சோதிக்கப்பட்டதோ என்னவோ.

மூளை நீரில் சொற்பமாக இருக்கும் ஹாப்டோகுளோபினை வெளியிலிருந்து கொடுத்துப் பார்ப்பது இன்னொரு முயற்சி. செம்மறியாடுகளின் மூளை நீரில் ஹீமோகுளோபினைச் செலுத்தியபோது தமனிகள் சுருங்கின. ஹாப்டோகுளோபினோடு சேர்த்துச் செலுத்தியபோது அந்தச் சுருக்கம் வரவில்லை என்று 2019-இல் காட்டியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் பெரிய மூலக்கூறோடு கட்டப்பட்டுவிட்டால் தமனிச் சுவருக்குள் நுழைய முடிவதில்லை, நைட்ரிக் ஆக்சைடும் தப்பிக்கிறது. கட்டி பல நாள் ஹீமோகுளோபினைக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், மனிதர்களுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதாது. எத்தனை முறை, எவ்வளவு என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். மருந்தை உள்ளே அனுப்ப வழி தேட வேண்டியதில்லை. நிறைய நோயாளிகளுக்கு அந்த டிரெயின் ஏற்கெனவே மண்டைக்குள் இருக்கிறது.